நாற்காலியும் கணுக்காலும்

மாலையில் காலுறையைக் கழற்றியதும் கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு வளையம் ஆழப் பதிந்திருப்பதும், காலையில் தாராளமாக இருந்த செருப்பு இரவுக்குள் இறுகிப்போவதும், உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களில் பலருக்குப் பழகிப்போன சங்கதிகள். கணைக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலைச் சில விநாடிகள் அழுத்தி எடுத்தால் அங்கே ஒரு குழி விழும். அது நிரம்பச் சற்று நேரம் பிடிக்கும். இதைக் கண்டவர்களை நான் இரண்டு வகையாகப் பார்த்திருக்கிறேன். ஒரு சாரார், வயதானால் கால் வீங்கத்தான் செய்யும் என்று தள்ளிவிடுகிறார்கள். மற்றொரு சாரார் அன்றிரவே சிறுநீரகம் பழுதாகிவிட்டதென்ற முடிவுக்கு வந்து, விடியும்வரை தூங்காமல் கிடக்கிறார்கள். இரு சாராருமே வீக்கத்தை உற்றுப் பார்ப்பதில்லை.

பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். நாளின் பெரும்பகுதி மேசை முன்னால்தான் கழிகிறது. நான் மருத்துவம் படித்ததில்லை. என் கால்களைப் பற்றிய அக்கறையில் தொடங்கி, உடலியல் நூல்களையும் மருத்துவ இதழ்களில் வந்த கட்டுரைகளையும் தேடிப் படித்ததில் சேர்ந்தவைதான் இங்கே இருப்பவை. அப்படிப் படித்ததில் ஒரு விஷயம் எனக்கு உறுதிப்பட்டது. எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்ற கேள்வியைவிட, அதில் எவ்வளவு நேரம் கால் அசையாமல் கிடந்தது என்ற கேள்வியே முக்கியம். நாற்காலியைப் பழிப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

இதயத்திலிருந்து பாதத்துக்கு ரத்தம் இறங்குவதில் சிரமம் இல்லை. தமனிக்குள் இதயத்தின் உந்துதல் இருக்கிறது, புவியீர்ப்பும் துணைக்கு வருகிறது. திரும்பி ஏறுவதுதான் பாடு. ரத்தம் தந்துகிகள் என்னும் மயிரிழை நாளங்களைக் கடந்து சிரைக்குள் நுழையும்போது இதயம் கொடுத்த உந்துதலில் பெரும்பகுதி தீர்ந்துபோயிருக்கும். அங்கிருந்து ஒரு மீட்டருக்கும் மேலான உயரத்தை அது எதிர்த்து ஏற வேண்டும். படுத்திருக்கும்போது கணுக்காலில் உள்ள சிரையின் அழுத்தம் ஏறக்குறைய 10 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். எழுந்து உட்கார்ந்தால் அது 55ஐ ஒட்டி ஏறுகிறது. அசையாமல் நின்றால் 85, 90 வரை போகிறது. நடக்கத் தொடங்கிய சில அடிகளிலேயே அது 30க்கும் கீழே இறங்கிவிடுகிறது. இந்த எண்களை முதன்முதலில் படித்தபோது கடைசி எண்ணில்தான் என் கண் நின்றது. நிற்பவரும் நடப்பவரும் ஒரே உயரத்தில்தான் இருக்கிறார்கள், புவியீர்ப்பும் மாறவில்லை. மாறியது கெண்டைக்கால் மட்டுமே.

கெண்டைக்கால் தசைகளுக்குள், குறிப்பாக உள்ளே ஆழத்தில் இருக்கும் சோலியஸ் என்ற தட்டையான தசைக்குள், அகன்ற சிரைப் பைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அடியிலும் தசை சுருங்கி, ஈரத் துணியைப் பிழிவதுபோல அந்தப் பைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய ரத்தம் கீழே வழிந்துவிடாமல் சிரைகளின் உள்ளே இருக்கும் மெல்லிய வால்வுகள் மூடிக்கொள்கின்றன. கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். ஆனால் முதல் இதயத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு: முதலாவது நம்மைக் கேட்காமல் துடிக்கிறது, இரண்டாவது நாம் காலை அசைத்தால்தான் துடிக்கும்.

இந்த வால்வுகளின் கதையும் சுவையானது. இத்தாலியின் பதுவா நகரில் உடற்கூறு கற்பித்த ஃபாப்ரிசியஸ் 1603ஆம் ஆண்டு இவற்றைப் படம் வரைந்து வெளியிட்டார். ஆனால் ரத்தம் கீழ்நோக்கிப் பாய்ந்து கைகால்களை நிரப்பிவிடாமல் தடுப்பதற்காகவே இவை இருக்கின்றன என்று எண்ணினார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி அதே வால்வுகளைப் பார்த்து, இவை ஒரே திசையில், இதயத்தை நோக்கி மட்டுமே வழிவிடுகின்றன என்பதைக் கண்டுகொண்டார். 1628ஆம் ஆண்டு ரத்தம் உடலைச் சுற்றிவருகிறது என்று அவர் நூல் எழுதியபோது, கையில் கட்டுப் போட்டு சிரைகளை விரலால் நீவிக் காட்டிய எளிய சோதனையே அவருடைய வலுவான சான்றுகளில் ஒன்றாக இருந்தது. ஆசிரியர் கண்டதையே மாணவரும் கண்டார்; என்ன கேள்வி கேட்பது என்பதில்தான் வேறுபட்டார்கள்.

சிரையில் அழுத்தம் ஏறினால் கால் ஏன் வீங்க வேண்டும்? தந்துகிகளின் சுவர் இறுக மூடியதல்ல. உள்ளேயிருக்கும் நீரழுத்தம் திரவத்தை வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் கரைந்திருக்கும் புரதம், முக்கியமாக அல்புமின், அதை உள்ளே பிடித்து வைக்கப் பார்க்கிறது. இந்த இழுபறியை 1896இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் விளக்கினார். கசிந்த திரவம் தந்துகியின் மறுமுனையிலேயே திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும் என்றுதான் பாடநூல்கள் நெடுநாள் சொல்லிவந்தன. இப்போதைய புரிதல் அதைத் திருத்தியிருக்கிறது: பெரும்பாலான திசுக்களில் கசிந்தது திரும்புவது, திசுநீரை வடித்துச் செல்லும் நிணநீர் நாளங்களின் வழியாகத்தான். நிணநீர் நாளத்திலும் வால்வுகள் உண்டு. தானே சுருங்கும் திறனும் அதற்கு ஓரளவு இருக்கிறது. ஆனாலும் சுற்றியுள்ள தசைகளின் அசைவு அதற்குப் பெரிய துணை. ஆகவே கால் அசையாமல் கிடக்கும்போது இரண்டு வகையில் இழப்பு: சிரையில் அழுத்தம் ஏறியதால் கசிவு கூடுகிறது, கசிந்ததைத் திரும்ப எடுத்துச் செல்லும் வழியும் மந்தமாகிறது. மாலைக்குள் கணுக்காலைச் சுற்றியுள்ள தளர்ந்த திசுவில் நீர் தேங்குவதற்கு வேறெதுவும் தேவையில்லை.

ஒட்டகச்சிவிங்கிக்கு நம்மைவிட மிக நீண்ட கால்கள். அதன் ரத்த அழுத்தமோ நம்முடையதைப்போல் இரு மடங்கு. அப்படியிருந்தும் அதன் கால் வீங்குவதில்லை. காரணம், அதன் கால் தோல் தடித்து, இறுகி, உள்ளேயிருக்கும் திசுவுக்கு விரிய இடமே கொடுப்பதில்லை. மருத்துவர்கள் எழுதித் தரும் அழுத்தக் காலுறை செய்யும் வேலையும் இதுவேதான். விண்வெளி வீரர்களுக்கு இதற்கு நேர்மாறாக நடக்கிறது: எடையற்ற நிலையில் காலில் இருந்த நீர் மேலே ஏறி, முகம் உப்பி, கால்கள் மெலிந்துவிடுகின்றன.

சரி, உட்காராமல் நின்றுகொண்டே வேலை செய்தால் தீர்ந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. உயரமான மேசைகளை வாங்கி வைத்துக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே பலர். மேலே சொன்ன அழுத்த எண்களை அவர்கள் மீண்டும் ஒரு முறை பார்க்க வேண்டும். அசையாமல் நிற்பவரின் கணுக்காலில் உட்கார்ந்திருப்பவரைவிட அழுத்தம் கூடுதல். நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் தொழில்களில் சிரைகள் புடைத்துச் சுருண்டுபோகும் வெரிகோஸ் நோய் அதிகம் காணப்படுவதில் வியப்பில்லை. நிற்கும் மேசையால் நன்மை உண்டென்றால், நிற்பவர் இயல்பாகவே எடையை ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாற்றுகிறார், இரண்டடி அப்படியும் இப்படியும் போகிறார் என்பதால்தான். சிலையாக நிற்பவருக்கு அந்த மேசை எந்த உதவியும் செய்வதில்லை.

உட்காரும் விதத்திலும் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. இடுப்பும் முழங்காலும் மடங்கியிருக்கும் நிலையில் அந்த இடங்களில் சிரைகள் சற்று வளைந்து நெரிபடுகின்றன. நாற்காலி உயரமாக இருந்து பாதம் தரையில் பதியாவிட்டால் தொடையின் பின்பக்கம் இருக்கையின் விளிம்பில் அழுந்துகிறது. கெண்டைக்கால் தொங்குகிறதே தவிர வேலை செய்வதில்லை. வயிற்றுப் பகுதியில் எடை கூடியவர்களுக்கு, குனிந்து உட்காரும்போது அடிவயிற்றின் அழுத்தம் கால்களிலிருந்து வரும் பெருஞ்சிரைகளின் மேல் விழுகிறது. இறுக்கமான இடுப்புப் பட்டையும் அதோடு சேர்ந்துகொள்கிறது. கால்மேல் கால் போடுவதைப் பலர் பெரிய குற்றமாகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, அடிக்கடி காலை மாற்றிப் போடுகிறவர் பரவாயில்லை, போட்ட காலை இரண்டு மணி நேரம் எடுக்காதவரிடம்தான் கோளாறு என்று தோன்றுகிறது.

இதுவரை சொன்னது வீக்கம். பெரும்பாலோருக்கு அது இரவு படுத்தெழுந்தால் வற்றிவிடும். தொந்தரவுதானே தவிர ஆபத்தில்லை. ஆபத்து வேறொன்றில் இருக்கிறது. தேங்கிய ரத்தம் உறைவதற்கு இடம் கொடுக்கிறது. ரத்த ஓட்டம் மந்தமாவது, நாளத்தின் சுவர் சேதப்படுவது, ரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது ஆகிய மூன்றும் உறைகட்டிக்குக் காரணங்கள் என்று மருத்துவ மாணவர்கள் இன்றும் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஷோவின் பெயரால் படிக்கிறார்கள். கெண்டைக்காலின் ஆழ்சிரையில் உருவாகும் கட்டி அங்கேயே கரைந்தும் போகலாம். மேலே வளர்ந்து, உடைந்து, இதயத்தின் வழியாக நுரையீரலுக்குப் போய்த் தமனியை அடைத்தால் உயிருக்கே உலை வைக்கலாம்.

நெடுநேரம் உட்கார்ந்திருப்பதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு முதலில் கவனத்துக்கு வந்தது விமானத்தில் அல்ல. 1940ஆம் ஆண்டு லண்டன் நகரத்தின் மீது குண்டுமழை பொழிந்த மாதங்களில் மக்கள் இரவுகளைப் பதுங்கிடங்களில் கழித்தார்கள். படுக்க இடமில்லாமல் பலர் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். அந்த நாற்காலியின் முன்கட்டை தொடைக்கு அடியில் அழுந்தியபடி இருக்கும். தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் அந்த மாதங்களில் நுரையீரல் அடைப்பால் நேர்ந்த இறப்புகள் முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட ஆறு மடங்கு பெருகியிருப்பதைக் கண்டு லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். பிற்பாடு பதுங்கிடங்களில் படுக்கைகள் அமைக்கப்பட்டன. அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் ஹோமன்ஸ் 1954இல் எழுதிய கட்டுரையில் நீண்ட விமானப் பயணம், கார்ப் பயணம் ஆகியவற்றோடு, நாடக அரங்கில் உட்கார்ந்திருந்ததுகூட ஆழ்சிரை உறைவுக்கு வழிவகுத்த நிகழ்வைப் பதிவு செய்தார்.

என் போன்றவர்களை உலுக்க வேண்டிய கட்டுரை 2003இல் ஐரோப்பிய சுவாச மருத்துவ இதழில் வந்தது. நியூசிலாந்தைச் சேர்ந்த 32 வயது இளைஞர் ஒருவர். நாளொன்றுக்கு 12 மணி நேரம், சில நாட்களில் 18 மணி நேரம் வரை கணினி முன் உட்காருபவர். முதலில் அவருடைய கெண்டைக்கால் வீங்கி வலித்தது. சில நாட்களில் அது தானாகவே தணிந்துவிட்டது. அடுத்த வாரங்களில் மூச்சு வாங்கத் தொடங்கி, ஒரு நாள் நினைவிழந்து விழுந்தார். நுரையீரலில் பெரிய அடைப்பு. அவர் பிழைத்துக்கொண்டார். இந்த வரலாற்றில் அச்சமூட்டுவது வீக்கம் வந்ததல்ல. சிகிச்சையின்றி அது போனதும், போனதால் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றியதும்தான்.

அச்சத்தை அதற்குரிய அளவில் வைத்துக்கொள்வதும் அவசியம். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட பயண ஆய்வின் முடிவுப்படி, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் பயணம் செய்தால் இந்த நோயின் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. விமானம், ரயில், பேருந்து, கார் என்ற வேற்றுமை இல்லை. ஆனால் இரு மடங்கானாலும், நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணத்தில் அது 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான் நிற்கிறது. உடல் பருமன், கருத்தடை மாத்திரை, ரத்தம் எளிதில் உறையும் பரம்பரைத் தன்மை ஆகியவை இருந்தால் வாய்ப்பு மேலும் கூடும். அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, புற்றுநோய், கர்ப்பமும் பேறுகாலத்துக்குப் பிந்தைய வாரங்களும், முன்பு ஒரு முறை உறைகட்டி வந்த வரலாறு ஆகியவையும் அந்தப் பட்டியலில் சேரும். அதே ஆய்வில் 1.9 மீட்டருக்கு மேல் உயரமானவர்களுக்கும் 1.6 மீட்டருக்குக் குறைவானவர்களுக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. நெட்டையானவருக்குக் கால் நீட்ட இடமில்லை, குட்டையானவருக்குப் பாதம் தரையில் எட்டவில்லை. ஒரே அளவில் செய்த இருக்கை இரு தரப்பையும் தண்டிக்கிறது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

சிரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் தமனியை மறந்துவிடுவோம். உட்கார்ந்து மடங்கிய காலில் தமனியின் ஓட்டமும் குறைகிறது. ரத்தம் விரைந்து ஓடும்போது அது நாளத்தின் உள்சுவரை உரசிச் செல்கிறது; அந்த உரசலே சுவரை நலமாக வைத்திருக்கும் சமிக்ஞை. ஓட்டம் மந்தமானால் சமிக்ஞையும் மங்குகிறது. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் செய்து 2016இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. உடல்நலமுள்ள இளைஞர்கள் பதினொரு பேரை மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். ஒரு காலை மட்டும் ஒரு நிமிடம் ஆட்டி, நான்கு நிமிடம் ஓய்வு கொடுத்து, மீண்டும் ஆட்டச் சொன்னார்கள். மற்றொரு கால் அசையக் கூடாது. முடிவில், அசையாத காலில் முழங்காலுக்குப் பின்னுள்ள தமனி விரிந்துகொடுக்கும் திறன் குறைந்திருந்தது. ஆட்டிய காலில் அது குறையவில்லை, மேம்பட்டிருந்தது. ஒரே உடல், ஒரே இதயம், ஒரே நாற்காலி. பதினொரு பேரை வைத்துப் பெரிய முடிவுகளுக்குப் போக முடியாதுதான். ஆனாலும் சிறுவயதில் காலை ஆட்டாதே என்று அதட்டிய பெரியவர்கள் அனைவரும் இதைப் படிக்க வேண்டும் என்று ஓர் ஆசை எனக்கு உண்டு.

இப்போது வீக்கத்தை எப்படிப் பார்ப்பது என்ற இடத்துக்கு வருகிறேன். இரண்டு கால்களும் ஏறக்குறைய ஒரே அளவில் வீங்கி, மாலையில் கூடி, காலையில் வற்றினால், நாள் முழுவதும் கால் தொங்கிக் கிடந்ததன் விளைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காலையிலும் வற்றாத வீக்கமானால் அது வேறு கேள்வி. அதோடு படுத்தால் மூச்சுத் திணறல், சில நாட்களுக்குள் எடை வேகமாக ஏறுதல் ஆகியவை இருந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும். விடியலில் கண்ணிமைகளும் முகமும் உப்புவது, சிறுநீரில் நுரை நிற்பது ஆகியவை சிறுநீரகத்தின் பக்கம் கை காட்டுகின்றன. வயிறும் சேர்ந்து பெருத்தால் கல்லீரல். அழுத்தினால் குழி விழாத தடித்த வீக்கம் தைராய்டு குறைபாட்டிலும் நிணநீர் அடைப்பிலும் வரும். இவற்றை வீட்டிலேயே முடிவு செய்துவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவரிடம் போகும்போது, கால் வீங்குகிறது என்ற ஒற்றை வரியைவிட இந்த விவரங்கள் அவருக்கு எவ்வளவோ உதவும்.

ஒரு கால் மட்டும் வீங்கினால் பொறுத்திருந்து பார்க்கக் கூடாது. கெண்டைக்காலில் வலி, தொட்டால் வெம்மை, தோல் இறுகிப் பளபளப்பது, சிவப்பது ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முனையிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே இரு கெண்டைக்கால்களையும் அளந்து, வேறுபாடு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால், உறைவின் தடயத்தைத் தேடும் டி-டைமர் ரத்தப் பரிசோதனையும், ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும் எடுப்பார்கள். இந்த உறைவு வலது காலைவிட இடது காலில் சற்றுக் கூடுதலாக வருகிறது. இடது காலின் பெருஞ்சிரை அடிவயிற்றில் ஒரு தமனிக்கு அடியில் புகுந்து போவதால் அங்கே அது அழுந்துகிறது. ஒரு காலில் திடீர் வீக்கமும் வலியும் இருக்கும்போது அதை அழுத்தி நீவிவிட வேண்டாம். திடீரென மூச்சு வாங்குவது, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துவது, இருமலில் ரத்தம், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போக வேண்டும்.

வீக்கத்துக்கு நாற்காலியைக் காரணம் சொல்வதற்கு முன் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. ரத்த அழுத்தத்துக்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின் கணுக்கால் வீக்கத்துக்குப் பேர்போனது. அது நுண்தமனிகளை விரிக்கிறது. மறுபக்கத்து நுண்சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட தந்துகியில் அழுத்தம் ஏறுகிறது. உடலில் நீர் கூடியதால் வந்த வீக்கம் அல்ல என்பதால், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை இதற்கு அவ்வளவாகப் பயன்படாது. ஆனால் நடைமுறையில் அம்லோடிபினால் வீங்கிய காலுக்குச் சிறுநீர் மாத்திரை, அதனால் பொட்டாசியம் குறைந்ததற்கு இன்னொரு மாத்திரை என்று சங்கிலி நீள்வதுண்டு. மருந்தின் அளவைக் குறைப்பது, வேறு வகைக்கு மாற்றுவது, டெல்மிசார்டான் வகை ரத்த அழுத்த மருந்தோடு இணைப்பது என்று மருத்துவரிடம் வழிகள் இருக்கின்றன. தானாக நிறுத்துவது மட்டும் வழியல்ல. வலிக்காக நாட்கணக்கில் சாப்பிடும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் ஆகியவை உப்பையும் நீரையும் உடலில் தேக்கும். ஸ்டீராய்டு, நரம்பு வலிக்கான பிரிகாபலின், நீரிழிவுக்கான பியோகிளிட்டசோன் ஆகியவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு.

காலில் தேங்கிய நீர் இரவில் எங்கே போகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. படுத்ததும் அது ரத்தத்துக்குத் திரும்புகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. நள்ளிரவில் இரண்டு, மூன்று முறை எழுந்து கழிவறைக்குப் போகிறோம். புராஸ்டேட் என்றும் சர்க்கரை என்றும் பயந்தவர்களில் சிலருக்கு மூலகாரணம் பகலில் தொங்கிய கால்தான். மாலையிலேயே ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுத்தால் அந்த நீர் தூக்கத்துக்கு முன்பே வெளியேறிவிடும். நீரில் ஒரு பகுதி கழுத்துவரை ஏறி, தொண்டையைச் சுற்றியுள்ள திசுக்களைத் தடிக்கச் செய்து, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் நோயை மோசமாக்கலாம் என்பதை டொரண்டோ ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இந்தத் தொல்லைகளுக்கு அஞ்சி, முதியவர்களில் சிலர் நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கிப் பழகிவிடுகிறார்கள். அவர்களுடைய காலுக்கு வற்றும் நேரமே கிடைப்பதில்லை. வீக்கம் இரவும் பகலும் நிலைத்துவிடுகிறது.

தண்ணீரைக் குறைத்தால் வீக்கம் குறையும் என்ற நம்பிக்கை வலுவாக இருக்கிறது. இதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் நோய் இருந்து மருத்துவர் அளவு விதித்திருந்தால் தவிர, இதில் பயனில்லை; நீரைப் பிடித்துவைப்பது உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் என்று வரம்பு சொல்கிறது. பொட்டலத்தில் வருவதைக் கொறித்துக்கொண்டே வேலை செய்பவர் அதை உணராமலே தாண்டிவிடுவார். தண்ணீர் குடிப்பதில் மறைமுகமான நன்மையும் ஒன்று உண்டு, குடித்தவர் எழுந்து போயே ஆக வேண்டும்.

உடற்பயிற்சியைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2016இல் லான்செட்டில் வந்த ஆய்வு, நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் மிதமான உடலுழைப்பு இருந்தால், எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதோடு சேர்ந்து வரும் இறப்பு அபாயம் ஏறத்தாழ இல்லாமல் போவதைக் காட்டியது. மகிழ்ச்சியான செய்தி. ஆயினும் காலை ஆறு மணிக்கு நடந்த நடை, பிற்பகல் மூன்று மணிக்குச் சிரையில் நிற்கும் ரத்தத்தை மேலே தள்ளாது. நாளின் நடுநடுவே வரும் இடைவெளிக்கு அது மாற்றாகாது. ஆகவே நான் காலை நடையையும் விடுவதில்லை, அதைக் காரணம் காட்டி மதியம் முழுக்க உட்கார்ந்திருப்பதும் இல்லை. அரை மணிக்கொரு முறை எழுந்துபோக ஏதுவாக, அடிக்கடி தேவைப்படும் அகராதியைக் கைக்கெட்டாத தூரத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். எழ முடியாத நேரத்தில் குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தை மேலே தூக்குவதும், பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவதுமாக மாற்றி மாற்றிச் செய்கிறேன். கெண்டைக்கால் இறுகித் தளர்வது கையால் தொட்டாலே தெரியும். தொலைபேசியில் பேசும்போது நடக்கிறேன். இருக்கையின் உயரத்தைப் பாதம் முழுதாகத் தரையில் பதியும்படி இறக்கிக்கொண்டேன். மேசைக்கடியில் சிறு பலகை போட்டுக் காலை அதன் மேல் வைப்பது தொடைக்கு இதமாக இருக்கிறது. ஆனால் அதை வீக்கத்துக்கு மருந்தாக நினைக்க வேண்டாம். வீக்கம் வற்றப் பாதம் இதயத்தின் மட்டத்துக்கு மேலே போக வேண்டும், அதற்குப் படுத்துத்தான் ஆக வேண்டும்.

வீக்கத்தை ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டவர்களின் கால்களில் வேறொரு மாற்றம் வருகிறது. நெடுநாள் அழுத்தத்தில் வால்வுகள் சரிவர மூடாமல் போனால், நடந்தாலும் சிரை அழுத்தம் இறங்குவதில்லை. சிவப்பணுக்கள் கசிந்து, அவற்றின் இரும்புச் சத்து படிந்து, கணுக்காலின் உட்புறத் தோல் பழுப்பேறுகிறது, அரிப்பெடுக்கிறது, தோல் மரத்துக் கெட்டிப்படுகிறது. கடைசியில் சிறு கீறலும் ஆறாப் புண்ணாகலாம். பழுப்பு நிறம் தோன்றும் கட்டத்திலேயே சிரை நோய் மருத்துவரைப் பார்த்துவிட்டால் புண் வரை போகாமல் தடுக்க வாய்ப்பு அதிகம்.

அழுத்தக் காலுறையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கியவர்களில் பாதிப்பேர் அதை அலமாரியிலேயே வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும்படி அது நெய்யப்படுகிறது. நீண்ட விமானப் பயணங்களில் அதை அணிந்தவர்களுக்கு, அறிகுறியில்லாத ஆழ்சிரை உறைவு குறைவதை, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு உறுதிப்படுத்தியிருக்கிறது. சாதாரணக் காலுறை மேல்விளிம்பில் மட்டும் இறுக்குவதால் நேர்மாறான வேலையைச் செய்கிறது. பயண வீக்கத்துக்கு 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தமுள்ளவை பெரும்பாலும் போதும். அதற்கு மேற்பட்டவை மருத்துவர் எழுதித் தர வேண்டியவை. புகைப்பவர்களும், நீரிழிவு உள்ளவர்களும், நடந்தால் கெண்டைக்கால் வலித்து நின்றால் வலி போகிறவர்களும் கால் தமனியில் அடைப்பு இல்லை என்று பார்த்த பிறகே இதை அணிய வேண்டும். ஏற்கெனவே ரத்தம் குறைவாக வரும் காலை இறுக்கினால் தோலே கருகிவிடக்கூடும். அளவெடுப்பதைக் காலையில், கால் வீங்குவதற்கு முன் செய்ய வேண்டும். அணிவதும் அப்படியே, படுக்கையை விட்டு இறங்குமுன். வீங்கிய பிறகு அதை மாட்டப் படாதபாடு படவேண்டியிருக்கும். முழங்காலுக்குக் கீழே சுருண்டு மடிந்தால் அந்த இடத்தில் கயிறாக இறுக்கும், ஆகவே பகலில் ஒன்றிரண்டு முறை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். இரவில் கழற்றிவிடலாம். தினமும் அணிந்து துவைப்பவர்களுக்கு ஆறு மாதத்தில் நெகிழ்நூலின் பிடி தளர்ந்துவிடுகிறது. எளிதாக மாட்ட முடிகிறதே என்று மகிழ்வதற்குப் பதிலாகப் புதியது வாங்கிக்கொள்ள வேண்டும்.